பேகம் நடத்தி வைத்த கல்யாணம்

என்னைவிட அறிவாளியான ஒருவரின் முதுகில் உட்கார்ந்து ஒருமுறை பயணம் செய்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் பங்கு வெட்கம் முழுவதையும் அந்த ஒரே காலையில் செலவழித்துவிட்டேன். இப்போது கையிருப்பு கிடையாது.

அந்த அறிவாளியின் பெயர் பேகம். என் கூட்டாளி சாதிக் வீட்டுக் குதிரை. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் சாதிக்கின் அப்பாவுக்குக் கைலிக் கடை. குதிரை அவருக்குத் தொழில் இல்லை, ஆசை. கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் சாமை மூட்டை சுமந்துகொண்டிருந்தவளைப் பிடித்துப்போய் வாங்கி வந்து, தேய்த்துக் குளிப்பாட்டி, நெற்றிக்கு ஜரிகைப் பட்டை கட்டி, மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பாய் வீட்டுக் கல்யாணமா, நம் வீட்டுக் கல்யாணமா என்ற பேதமெல்லாம் பேகத்துக்குக் கிடையாது. மேளம் கேட்டால் ஆடுவாள். தொப்பி வைத்த பெரிய மனிதர் யாராவது எதிரே வந்தால் முன்னங்காலை மடக்கி, தலையைத் தாழ்த்தி சலாம் வைப்பாள். மங்கிய வெள்ளை நிறம், நீளமான இமை முடி. (நானும் அப்போது பார்க்கச் சுமாராக இருப்பேன். பேகத்தின் பக்கத்தில் நின்றால் அதுவும் தெரியாது.)

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது, கடைகள் அரைக் கதவு. பல வீடுகளில் அடுப்பு எரியாத, பல வீடுகளில் ஆம்பிளைகள் வீடு திரும்பாத வாரம். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த வாரத்தில் சிரிக்கும்படி இருந்தது நான் ஒருவன்தான்.

என் அண்ணன் ஏழுமலைக்கு அந்த வாரம் கல்யாணம். பெண் அஞ்சலை. கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு கிராமம். கல்யாணம் ஏற்கெனவே ஒருமுறை, எங்கள் பெரியப்பா காலமானதால் தள்ளிப்போயிருந்தது. அதில் பெண்ணின் சித்தப்பாவுக்கு எங்கள் மேல் கடுப்பு. கல்யாணத்தை அவர்கள் ஊரிலேயே வைக்க வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டார். அது ஆவணியின் கடைசி முகூர்த்தம். விட்டால் புரட்டாசி. “இன்னொரு வாட்டி தள்ளிப்போச்சுன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம்” என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்.

ஆகவே எங்கள் வீட்டில் எல்லோரும் முதல் நாளே கட்டை வண்டியில், வயல் பாதை வழியாகக் கிளம்பிப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை என் சைக்கிளில் போனார். தாலி மட்டும் கள்ளக்குறிச்சி ஆசாரியிடம் மாட்டிக்கொண்டது. கடையடைப்பால் பட்டறை திறக்கவில்லை. ராத்திரிதான் வேலை முடியும், விடியற்காலம் வாங்கிக்கொள் என்றார். அதை வாங்கிக்கொண்டு வரும் பொறுப்பு வீட்டிலேயே அதிகம் படித்தவனான எனக்கு வந்தது. (பி.காம். இரண்டு பேப்பர் பாக்கி.)

மஞ்சள் கிழங்கைக் கட்டி முடிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் அப்பாவும் கேட்டார். “மஞ்சக் கெழங்கு கட்றதா இருந்தா போன வருசமே கட்டிருக்கலாமே, அதுக்கு எதுக்கு இத்தினி நாளு?” என்றாராம் சித்தப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

விடிந்ததும் தாலியை மஞ்சள் துணியில் சுற்றி இடுப்பில் முடிந்துகொண்டேன். மாப்பிள்ளைக்கு என்று ஆசையாகக் கட்டச் சொன்ன ரோஜா, சம்பங்கி மாலை வாழையிலைப் பொட்டலத்தில் தயாராக இருந்தது. போவதற்கு வண்டிதான் இல்லை. சாதிக்கைப் பார்க்கப் போனேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

“எனக்குக் குதிர ஓட்டத் தெரியாதுடா” என்றேன்.

“நீ ஒண்ணும் ஓட்ட வேணாம் மச்சான். நீ மேல குந்திக்க, அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும். அப்பா கடைய வுட்டு நவுரக் கூடாதுன்னு சொல்லிட்டாரு, இல்லாட்டி நானே வந்துடுவேன்.” பிறகு சேணத்தைக் கட்டிக்கொண்டே பாடம் நடத்தினான். “வாரக் கட்டும்போது வயித்த உப்பிக்கும். கொஞ்ச தூரம் போனதும் காத்த வுட்ரும், வார் லூசாயிடும், திரும்ப இழுத்துக் கட்டு. அப்புறம், நொண்டும். நம்பாத. நடிப்பு. நீ பாட்டுக்கு வேற பக்கம் பாத்துக்கினு இரு, நல்லா நடக்கும்.”

பேகம் என் தலையை மோந்து பார்த்தாள். என் தலையில் அன்று கல்யாண அளவுக்கு எண்ணெய் இருந்தது. உடனே மேலுதட்டைச் சுருட்டி மேலே தூக்கி, பற்கள் அத்தனையும் தெரிய வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். புது வாசனை கிடைத்தால் குதிரைகள் அப்படித்தான் செய்யுமாம். எனக்கு அது தெரியாது. ஒரு குதிரை என் முகத்துக்கு நேராகச் சிரிக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

ஊர் எல்லையைத் தாண்டியதும் நொண்டினாள். அவ்வளவு உருக்கமான நொண்டலை நான் எந்த நாடகத்திலும் பார்த்ததில்லை. சாதிக் சொன்னபடி வேலியோரம் மேய்ந்த ஆடுகளைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ரசிகன் சரியில்லை என்று நேராக நடக்கத் தொடங்கினாள். நடையும் ஓட்டமாக மாறியது. காற்று முகத்தில் அடித்தது. பட்டு வேட்டி படபடத்தது. இவ்வளவுதானா குதிரையேற்றம் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாரைப் பற்றிச் சாதிக் சொன்னது ஞாபகம் வந்தது. வரவும், சேணம் என்னோடு சேர்ந்து மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. நான் கத்தவில்லை, இறங்கவுமில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே சுற்றிப் போய்ப் பேகத்தின் வயிற்றுக்கு அடியில் தொங்கினேன்.

பேகம் உடனே நின்றாள். ஒரு கால் அசையவில்லை. தலையைக் குனிந்து, முன்கால்களுக்கு நடுவே என்னைப் பார்த்தாள். அந்தக் குளம்புகளில் ஒன்று நகர்ந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இல்லை. அப்போதே அவள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. பி.காம். படித்தவன் என்பதால் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

சேணத்தை இழுத்துக் கட்டினேன். இலைப் பொட்டலம் பிய்ந்து மாலை வெளியே தொங்கியது. இரண்டு கையும் கடிவாளத்துக்கே போதவில்லை. மாலையை எங்கே வைப்பது? அங்கேதான் என் வாழ்க்கையின் மகா முட்டாள்தனத்தைச் செய்தேன். மாலையை என் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

அதற்குப் பிறகு பேகம் ஓடவில்லை. நாலு எட்டு எடுத்து வைப்பாள், நிற்பாள். தலையை இடமும் வலமுமாக ஆட்டுவாள். மறுபடி நாலு எட்டு. கெஞ்சினேன். குதிகாலால் லேசாக இடித்தேன். “பேகம், முகூர்த்தம் ஒம்போதரை” என்று தகவல் சொன்னேன். திரும்பிப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கண்டிப்பு இருந்தது. இந்த வேகத்தில் போனால் அண்ணனின் கல்யாணத்துக்கு இல்லை, அண்ணன் மகனின் காதுகுத்துக்குத்தான் போய்ச் சேருவோம் என்று தோன்றியது. வெயில் ஏற ஏற எனக்கு அழுகை வந்தது.

முதல் மரம் வந்தது. அதைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பறை ஒன்று முழங்கிக்கொண்டிருந்தது. பச்சைத் துண்டு போட்ட ஒருவர் எழுந்து வந்தார். அவர்தான் அங்கே பேச்சாளர்.

“இன்னாப்பா, எங்க போற?”

விஷயத்தைச் சொன்னேன். இடுப்பு முடிச்சையும் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. “தாலியா? அட, வழி வுடுங்கப்பா. நாம கேக்கறதெல்லாம் நம்ம பசங்க நல்லா இருக்கணும்னுதான, கல்யாணத்தக் கெடுக்கவா குந்திக்கினு இருக்கறோம்?” என்றார். ஆட்கள் எழுந்து, மரத்தைச் சுற்றி வயல் வழியாகப் பேகத்தைக் கூட்டிப்போனார்கள். அந்தப் பக்கம் விட்டதும் நான் கும்பிட்டேன். பேகம் கிளம்பவில்லை. அவள் கூட்டத்தையும் பார்த்துவிட்டாள், பறையையும் கேட்டுவிட்டாள். இப்போது இத்தனை பேரை விட்டுவிட்டுத் தனியாகப் போவதா? திரும்பி நின்று அவர்களுக்காகக் காத்திருந்தாள்.

“இன்னாய்யா, வரச் சொல்லுதா?” என்றார் பச்சைத் துண்டு. சோதித்துப் பார்க்க இரண்டடி முன்னால் வந்தார். பேகம் இரண்டடி போனாள். அவர் நின்றார். அவளும் நின்றாள். பட்டினியும் கோபமுமாக உட்கார்ந்திருந்த அந்த மனிதர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. “சரி வாங்கப்பா, புள்ளைய வுட்டுட்டு வந்துரலாம்” என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பறை முன்னைவிட ஜோராகக் கேட்டது. நடக்கும்போது வாய் சும்மா இருக்குமா, கோஷமும் போட்டார்கள். பேகம் கழுத்தை வளைத்து, காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடிக்கொண்டு முன்னால் போனாள். கழுத்தில் மாலையோடு, குதிரை மேல், ஊர்வலத்தின் தலைமையில் நான்.

வளைவில் திரும்பினால் போலீஸ்.

ஒரு ஜீப், லத்தியோடு வரிசையாகக் காவலர்கள், நடுவில் இன்ஸ்பெக்டர். பின்னால் கோஷம் நின்றது. இரண்டு பக்கமும் அசையாமல் நின்ற அந்த நிமிடத்தில் எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். அந்த வாரத்தில் பல இடங்களில் நடந்தும் இருந்தது. நான் உண்மையிலேயே பயந்தேன்.

பேகம் மட்டும் இன்ஸ்பெக்டரின் தொப்பியைப் பார்த்தாள். நேராக அவர் முன்னால் போய், வலது முன்னங்காலை மடக்கி, தலையைத் தாழ்த்தி ஒரு சலாம் வைத்தாள். மேலே இருந்த நானும் அந்தச் சரிவில் முன்னே போய்க் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டரின் கை தானாகவே பாதி உயர்ந்துவிட்டது. பாதியில் கவனித்து, மீசையைத் தடவுவதுபோல் சமாளித்தார்.

“யாருய்யா நீ? இவங்க தலைவரா?”

“இல்லீங்க சார். மாப்ளையோட தம்பி.”

“மால உன் கழுத்துல இருக்குது?”

“கை காலி இல்லீங்க சார்.”

“கல்யாண ஊர்வலங்க” என்றார் பச்சைத் துண்டு.

“இத்தினி பேரு வர்ற கல்யாண ஊர்வலத்துல பொம்பள ஒருத்தி கூட இல்லையே?” என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் குரலில் சூடு குறைந்திருந்தது. இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். தாலியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “இன்னா படிச்சிருக்க?” என்று கேட்டார். சொன்னேன். “குதிரைக்கு இருக்கற மரியாத உனக்கு இல்லையே. நீயும் ஒரு வணக்கம் வெக்கலாமில்ல?” என்றார். வைத்தேன்.

கூட்டத்தைத் திரும்பிப் போகச் சொன்னார். அவர்களும் எனக்குக் கை காட்டிவிட்டுத் திரும்பினார்கள். பேகம் நகரவில்லை. காரணத்தை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் பேகத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். பிறகு, “யோவ், ரெண்டு பேரு பின்னால போங்கய்யா, வாய்க்கா வரைக்கும்” என்றார். அப்படியாக, தமிழ்நாட்டிலேயே மறியல்காரர்களும் போலீசும் அடுத்தடுத்து ஊர்வலம் நடத்திக் கொண்டுபோய் விட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வாய்க்காலோடு போலீஸ்காரர்கள் திரும்பிவிட்டார்கள். பேகம் நின்றுவிட்டாள். நேரம் ஒன்பதைத் தாண்டியிருக்க வேண்டும். இறங்கி அவள் முன்னால் நின்று, உண்மையாகவே கும்பிட்டு அழுதேன். “உன் காலப் புடிக்கறேன் பேகம். எங்கண்ணி பாவம்.” அவள் முகத்தை என் மார்புக்குக் கொண்டுவந்தாள். ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்தேன். மாலையைத் தின்றுகொண்டிருந்தாள். ரோஜா, சம்பங்கி எல்லாம். ஜரிகை நூலை மட்டும் துப்பினாள். முடித்துவிட்டு உதட்டைத் தூக்கி ஒரு சிரிப்பு.

போகட்டும் என்று வெறும் கழுத்தோடு ஏறி உட்கார்ந்தேன். பேகம் பறந்தாள்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது. மாலை போட்டவன் மேலே இருந்தால் அவளுக்கு அது மாப்பிள்ளை ஊர்வலம். மாப்பிள்ளையை வேகமாகக் கொண்டுபோகக் கூடாது, தனியாகக் கொண்டுபோகக் கூடாது. சொல்லிக்கொடுத்தபடி அவள் கண்ணியமாகத் தொழில் செய்திருக்கிறாள். மாலை போனதும் நான் வெறும் மூட்டை. எதிரே கல்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. மூட்டையோடு அவள் நடந்து பழகிய மலை. அதைப் பார்த்ததும் ஆனந்தம் தாங்காமல் ஓடினாள்.

பெண் வீட்டுப் பந்தல் தெரிந்தது. வாசலில் அண்ணன் நின்று வழி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை காட்டினார். நானும் கை காட்டினேன். பேகம் பந்தலைத் தாண்டி மலையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தாள்.

“எங்கய்யா போறான் அவன், தாலிய எடுத்துக்கினு?” என்று சித்தப்பா கத்தியது எனக்குக் கேட்டது.

எங்கள் அண்ணன் வாழ்க்கையில் சமயோசிதமாகச் செய்த காரியம் ஒன்றுதான். கள்ளக்குறிச்சித் தெருவில் பேகத்தின் ஊர்வலங்களைப் பார்த்தவர் அவர். “மேளத்த அடிங்கய்யா” என்றார். தவில் முழங்கியது. நாதசுரம் சேர்ந்துகொண்டது. பேகத்தின் காதுகள் பின்னால் திரும்பின. ஓட்டம் நடையானது. நடை நின்றது. மலையை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, திரும்பி, ஆடிக்கொண்டே பந்தலுக்கு வந்தாள். மலையா கடமையா என்று வந்தபோது கடமை என்று முடிவெடுத்தவளை அன்று நான் கண்ணால் பார்த்தேன்.

வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். நான் இறங்கப் போனால் அந்தப் பக்கம் நகர்ந்தாள். இந்தப் பக்கம் இறங்கப் போனால் இந்தப் பக்கம் நகர்ந்தாள். யாராவது கிட்டே வந்தால் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். தாலியை மேலே இருந்தபடியே நீட்டினேன்.

“குதிர மேல குந்திக்கினு தாலிய நீட்டுவியா? எறங்கி வந்து தட்டுல வையி” என்றார் சித்தப்பா. உள்ளே ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மணவறையிலிருந்து மணப்பெண் எழுந்தார். அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்தவர். தாம்பாளத்திலிருந்து ஒரு கட்டி வெல்லத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். “சித்தப்பா, நவுருங்க” என்றார். பிறகு, “அத்த, ஆரத்திய எடுங்க.”

“மாப்ள கீழ நிக்கறாருடி” என்றாள் அத்தை.

“அது குதிரைக்குத் தெரியாதில்ல. எடுங்க.”

மேளம் கேட்டதிலிருந்து அவளுக்கு நான் மறுபடி மாப்பிள்ளை, ஆரத்தி இல்லாமல் இறக்கிவிடக் கூடாது. எனக்கு ஆரத்தி எடுத்தார்கள். பேகம் அமைதியாக நின்று, முடியும்வரை காத்திருந்து, அஞ்சலை அண்ணியின் உள்ளங்கையிலிருந்து வெல்லத்தை வாங்கிக்கொண்டாள். நான் இறங்கலாம் என்று அனுமதி கிடைத்தது. இறங்கினேன். ஆனால் அவ்வளவு நேரம் குதிரையில் இருந்த கால் இரண்டும் என்னோடு வரவில்லை. மடங்கி, அப்படியே சித்தப்பாவின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

சித்தப்பா கலங்கிவிட்டார். “சரி, சரி, எழுந்திரு தம்பி. வயசுல சின்னவன் நீ, அதுக்காக இப்படியா” என்று என்னைத் தூக்கி நிறுத்தி, தன் கையாலேயே என் கைப்பிடியிலிருந்து தாலியை வாங்கித் தட்டில் வைத்தார். எங்கள் குடும்பத்தின் பணிவைப் பற்றி அவர் சாகும்வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். முகூர்த்தம் முடிவதற்குள், பெண் வீட்டுத் தோட்டத்துச் சாமந்தி மாலையோடு அண்ணன் தாலி கட்டினார்.

மறுநாள் சாதிக் மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்து சேர்ந்தான். என்னைத் தாண்டிப் போய், “பேகம் சாப்டுச்சா?” என்று கேட்டான்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அண்ணனோடு சண்டை வரும்போதெல்லாம், “உங்க வூட்டு ஆளுங்கள்ல எங்கிட்ட மரியாதையா நடந்துக்கினது அந்தக் குதிர ஒண்ணுதான்” என்பார்.

போன தையில் என் மகள் கல்யாணம். கள்ளக்குறிச்சியில் ஏ.சி. மண்டபம். ஐயர், “தாலி எங்க, தாலிய எடுங்க” என்றார். முன்வரிசையிலிருந்து, நரைத்த தலையும் புதுப் பட்டுமாக அண்ணி, மண்டபமே கேட்கும்படி, “குதிர வந்துச்சா?” என்றார். எங்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாலி எடுக்கும்போது யாராவது இதைக் கேட்காமல் விட்டதில்லை. விவரம் தெரியாத சம்பந்தி வீட்டார் குதிரை ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று நம்பி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தார்கள்.

அவர்களைத் தடுக்க வேண்டும் என்று நானும் பின்னாலேயே போனேன். போனவன், அவர்களோடு சேர்ந்து நின்று கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.